லுசாகாவா கபரோனியா? அந்த ஊர் மக்கள் உண்மையில் எப்படி இருக்கிறார்கள்?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். என் கணவர் தாருஸ்ஸலாமில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். கம்பெனி இப்போது அவரை இடம் மாற்றப் போகிறது. ஜாம்பியாவில் லுசாகா, இல்லையென்றால் போட்ஸ்வானாவில் கபரோனி, எது வேண்டும் என்று நாங்களே சொல்லலாமாம். சம்பளம் டாலரில், இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், வீடும் தருகிறார்கள். மூத்தவள் இரண்டாம் வகுப்பு, சின்னவன் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை.

இந்தியக் கடை இருக்கிறதா, கோயில் இருக்கிறதா, விசா எத்தனை நாளில் வரும் என்பதெல்லாம் இங்கே பழைய இழைகளில் தேடிப் படித்துவிட்டேன், அதனால் அதைக் கேட்கவில்லை. டாலர் சம்பளமும் கம்பெனி வீடும் இருந்தால் நாம் எந்த ஊரிலும் ஓரளவு நன்றாகத்தான் இருப்போம். அதை வைத்து ஒரு ஊரை எடைபோட முடியாது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா, வாசலில் நிற்கும் காவலாளி, பிள்ளையின் டீச்சர், இவர்களுக்கு உடம்புக்கு வந்தால் எங்கே போகிறார்கள், இவர்கள் வீட்டில் தண்ணீர் வருகிறதா, இவர்கள் பிள்ளைகள் எதுவரை படிக்கிறார்கள், இதையெல்லாம் தெரிந்துகொண்டு போக ஆசைப்படுகிறேன்.

இணையத்தில் எண்கள் கிடைக்கின்றன. தலைக்கு வருமானம் ஜாம்பியாவில் வருடத்துக்கு சுமார் 1,300 டாலர், போட்ஸ்வானாவில் 7,000 டாலருக்குப் பக்கம். ஆனால் சராசரி ஆயுளைப் பார்த்தால் ஒன்று 66, இன்னொன்று 69. ஐந்து மடங்கு பணம் இருக்கிற நாட்டில் மூன்று வருடம்தானா கூடுதல்? இது எனக்குப் புரியவே இல்லை. அங்கே இருப்பவர்கள், இருந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கம்வாலா_சரவணன்:

வணக்கம் சகோதரி. நான் பல வருடமாக லுசாகாவில் இருக்கிறேன், கம்வாலா பக்கம் ஒரு மொத்தக் கடையில் வேலை. போட்ஸ்வானாவைப் பற்றி அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும், நான் இந்த ஊரை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட வரிசையிலேயே தண்ணீரில் ஆரம்பிக்கலாம். லுசாகாவில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் வீட்டில் போர்வெல்லும் மாடித் தொட்டியும் இருக்கும், தண்ணீர்க் கஷ்டமே தெரியாது. உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா அநேகமாக கன்யாமா, சாவாமா, மதேரோ மாதிரி ஒரு காம்பவுண்டிலிருந்து வருவார். இங்கே காம்பவுண்ட் என்றால் நெருக்கமாக வீடு கட்டியிருக்கும் ஏழை மக்களின் குடியிருப்பு. கன்யாமாவில் மண்ணுக்குக் கீழே உடனே சுண்ணாம்புப் பாறை, அதனால் கழிப்பறைக் குழியை ஆழமாகத் தோண்ட முடியாது, பக்கத்திலேயே ஆழமில்லாத கிணறு. மழைக்காலம் வந்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் இரண்டும் கலந்துவிடும். பல குடும்பங்கள் தெருமுனைக் கியோஸ்கில் காசு கொடுத்து இருபது லிட்டர் கேனில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள், கையில் காசு இல்லாத நாளில் கிணற்றுத் தண்ணீர்தான். 2023 அக்டோபரில் தொடங்கிய காலராவில் 700 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், ஹீரோஸ் ஸ்டேடியத்தையே சிகிச்சை முகாமாக மாற்றினார்கள், 2024 ஜனவரியில் பள்ளிக்கூடம் திறப்பதைத் தள்ளிவைத்தார்கள். எங்கள் கடையில் மூட்டை ஏற்றும் பையன் ஒருவனின் அக்கா அதில் போய்விட்டாள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் நேரத்துக்குக் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய நோய் அது, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அடுத்தது கரண்ட். இந்த நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அணைகளிலிருந்து வருவது. 2024இல் மழை பொய்த்தது, பிப்ரவரி கடைசியில் அரசு தேசியப் பேரிடர் என்று அறிவித்தது, மின்சாரம் எடுக்கும் கரிபா அணையின் ஏரி இறங்கிக்கொண்டே போனது. அந்த வருடத்துக் கடைசிப் பாதியில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம் கரண்ட் வந்தால் பெரிய விஷயம், சில நாள் அதுவும் நடுராத்திரியில் வரும். வெல்டிங் கடை, முடிவெட்டும் கடை, மீன் விற்பவர்கள் என்று கரண்டை நம்பிப் பிழைப்பு நடத்தியவர்கள் எல்லாரும் அடிபட்டார்கள். எங்களோடு வேலை பார்க்கும் ஒரு அம்மா காலையில் கடைக்கு வந்ததும் முதல் வேலையாக வீட்டில் உள்ள எல்லாருடைய போனையும் பையிலிருந்து எடுத்து எங்கள் இன்வெர்ட்டரில் வரிசையாகச் செருகுவார், சாயங்காலம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய், இங்கே எம்பாவுலா என்று சொல்லும் கரியடுப்பில் நிஷிமா என்ற மக்காச்சோள மாவுக் களி கிண்டுவார். கரி மூட்டை விலையும் அதே சமயத்தில் ஏறிப்போனது. நாட்டில் பாதிப் பேர் வீட்டுக்கு எப்போதுமே மின் இணைப்பு இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதை மட்டும் படித்தால் ஊர் நரகம் என்று நினைப்பீர்கள், அப்படி இல்லை. லுசாகா கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, வருடத்தில் பெரும்பகுதி அருமையான காற்று. கீரையும் தக்காளியும் நிலக்கடலையும் பக்கத்திலேயே விளைகின்றன, பூசணிக் கீரையைக் கடலைப் பொடியில் வேகவைத்து ஒரு குழம்பு செய்வார்கள், அது நம் நாக்குக்கும் பிடிக்கும். 2022 ஜனவரியிலிருந்து அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரைக்கும் கட்டணம் கிடையாது, அந்த ஒரே வருடத்தில் 30,000 ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தார்கள். வகுப்பில் இடமில்லாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிகளும் உண்டு, ஆனால் கட்டணம் கட்ட முடியாமல் வீட்டில் நின்ற பெண் பிள்ளைகள் திரும்ப யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போனதை நான் என் தெருவிலேயே பார்த்தேன். 1991, 2011, 2021 என்று மூன்று தடவை ஆளும் கட்சி தேர்தலில் தோற்று ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனது, சுதந்திரம் வாங்கியதிலிருந்து உள்நாட்டுப் போர் என்று ஒன்று இல்லை, சுற்றிலும் அங்கோலா, காங்கோ, மொசாம்பிக் இருக்கும்போது இது சின்ன விஷயம் கிடையாது.

---

செம்மண்:

நான் கபரோனியில் ஒரு தனியார் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். அக்கா கேட்ட ஆயுள் கணக்குக்குப் பதில் எங்கள் மருந்து அலமாரியில்தான் இருக்கிறது, எச்ஐவி.

2000ஆம் ஆண்டு வாக்கில் இந்த நாட்டில் வயது வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அந்தக் கிருமி இருந்தது. அறுபதைத் தாண்டியிருந்த சராசரி ஆயுள் ஐம்பதுக்கு அருகே சரிந்தது. வைரத்தில் வந்த காசில் ரோடும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் கட்டி முடித்த நேரத்தில், அதில் வேலை செய்ய வேண்டிய ஆசிரியர்களும் நர்சுகளும் செத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அதிபராக இருந்த ஃபெஸ்டஸ் மொகாய் இதைப் பகிரங்கமாகப் பேசினார், 2002இல் அரசே இலவசமாக மருந்து கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தார்கள், ஆப்பிரிக்காவில் நாடு முழுமைக்கும் அப்படிச் செய்த முதல் நாடு இதுதான். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது இப்போது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே, உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதற்காகவே அங்கீகாரம் கொடுத்தது. ஆக அந்த 69 என்ற எண்ணை, பள்ளத்தில் விழுந்த நாடு ஏறி வந்த உயரம் என்று படியுங்கள். பணம் இல்லாதிருந்தால் ஏறியிருக்கவே முடியாது.

பணம் எப்படி வந்தது என்பதும் முக்கியம். 1966இல் சுதந்திரம் கிடைத்தபோது நாடு முழுக்கத் தார் ரோடு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அடுத்த வருடமே ஒராபாவில் வைரம். அந்த நேரத்தில் முதல் அதிபர் செரெட்சே காமா ஒரு காரியம் செய்தார். நிலத்தடிச் சொத்து அந்தந்தக் குலத்துக்கு என்று இருந்ததை மாற்றி, நாட்டுக்கே பொது என்று 1967இல் சட்டம் கொண்டுவந்தார். அவர் பிறந்தது பமங்வாட்டோ குலத்தின் அரச குடும்பத்தில், பின்னால் பெரிய வைரம் கிடைத்ததும் அவர்கள் பக்கத்து மண்ணில்தான். டி பீயர்ஸ் என்ற வைர நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தும் கம்பெனியில் அரசுக்குப் பாதிப் பங்கு. வயதான எல்லாருக்கும் 1996இலிருந்து முதியோர் பென்ஷன், குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் பெயருக்கு ஒரு சின்னத் தொகை, நாலில் மூன்று வீட்டுக்கு மின்சாரம். இதெல்லாம் காகிதத்தில் இருப்பது இல்லை, கிராமத்தில் போய்ப் பார்த்தாலும் கிளினிக் கட்டடமும் நர்சும் இருப்பார்கள்.

ஆனால் அக்கா, இப்போது வந்தால் நீங்கள் பார்க்கப்போவது கஷ்டகாலம். ஏற்றுமதியில் நூற்றுக்கு எண்பது வைரம். ஆய்வகத்தில் செய்யும் வைரம் மலிவாக வந்ததும், வாங்கும் நாடுகளில் மந்தமும் சேர்ந்து 2024இல் பொருளாதாரமே சுருங்கியது. அந்த வருடத் தேர்தலில், சுதந்திரத்திலிருந்து 58 வருடம் ஆண்ட கட்சி தோற்று, டூமா போகோ அதிபரானார். 2025 ஆகஸ்டில் அவர் பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார், காரணம் அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை. எங்கள் கடைக்கு ஒரு பாட்டி வருவார், ரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரை எழுதிய அரசு கிளினிக் சீட்டு, மூன்றுக்கும் எதிரே இருப்பு இல்லை என்று முத்திரை. பென்ஷன் பணத்தைக் கவுண்டரில் எண்ணி வைத்து, எது ரொம்ப அவசியமோ அதை மட்டும் பதினைந்து நாளைக்குக் கொடு மகனே என்று கேட்டார். இத்தனை வருடம் இலவசமாக வாங்கியவர் அவர், கடையில் என்ன விலை என்றே அவருக்குத் தெரியாது. வாங்கிப் பழகிய உரிமை கைவிட்டுப் போகும்போது வரும் அதிர்ச்சி, எப்போதும் கிடைக்காதவர்களுக்கு வரும் கஷ்டத்தைவிட வேறு மாதிரி.

விலைவாசியில் லுசாகாவோடு ஒப்பிடாதீர்கள். கடையில் இருப்பதில் பாதிக்கு மேல் தென்னாப்பிரிக்காவிலிருந்து லாரியில் வருவது. உள்ளூர் விவசாயிக்கு உதவ 2022இல் பல காய்கறிகளின் இறக்குமதியைத் தடுத்தார்கள், விவசாயிக்கு நல்லது நடந்தது, தக்காளி விலை சாதாரணக் குடும்பத்தைக் கடித்தது. வெயிலும் அதிகம், அக்டோபரில் சில நாள் நாற்பது டிகிரியைத் தொடும்.

---

எண்ணும்_எழுத்தும்:

எல்லாரும் எண்ணைத் தாண்டிப் பேசுகிறீர்கள், எண்ணை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம். ஜாம்பியாவில் 2022 கணக்குப்படி நூற்றுக்கு 60 பேர் அந்த நாட்டின் வறுமைக்கோட்டுக்குக் கீழே, போட்ஸ்வானாவில் 2015இல் எடுத்த கணக்கில் 16. அளவுகோல் இரண்டு நாட்டிலும் வேறு என்பது தெரியும், அப்படியிருந்தும் இந்த இடைவெளி பெரியது. கடைசியில் ஒரு தாய் பிள்ளைக்கு இரண்டு வேளை போடுகிறாளா மூன்று வேளை போடுகிறாளா என்பதுதான் இதில் தெரிகிறது. வைரம் விழுந்தது, மருந்து இல்லை என்பதெல்லாம் உண்மை, ஆனால் போட்ஸ்வானாவின் கெட்ட வருடம்கூட ஜாம்பியாவின் நல்ல வருடத்தைவிட ஏழைக்கு மேல் என்றுதான் நான் நினைக்கிறேன். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

---

கிட்வே_மாஸ்டர்:

பிள்ளைகள் எழுதினதை எல்லாம் வாசித்தேன். நான் யாழ்ப்பாணத்தவன், இப்ப டொரொண்டோவில் மகள் வீட்டில். எழுபதுகளின் கடைசியிலிருந்து ஜாம்பியாவின் செம்புச் சுரங்க வட்டாரமான காப்பர்பெல்ட்டில் உள்ள கிட்வேயில் கணிதம் படிப்பித்தேன், பிறகு போட்ஸ்வானாவுக்குப் போய் செரோவேயில் ஓய்வு பெறும் மட்டும் இருந்தேன். அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நிறைய ஆசிரியர்கள் ஜாம்பியாவுக்குப் போனார்கள், அதில் கொஞ்சப் பேர் என்னைப் போலவே தெற்கே இறங்கினார்கள். இரண்டு நாட்டிலும் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்லுகிறேன்.

எண்ணும் எழுத்தும் தம்பி சொல்லுவது இன்றைக்குச் சரி. நான் போன காலத்துக்குக் கொஞ்சம் முன்பு வரை இது தலைகீழாக இருந்தது என்பதைத் தம்பி அறிய வேண்டும். 1964இல் ஜாம்பியா சுதந்திரம் அடைந்தபோது செம்புக் காசில் ஆப்பிரிக்காவின் வசதியான நாடுகளில் ஒன்று. காப்பர்பெல்ட் சுரங்கத் தொழிலாளிக்கு வீடு, தண்ணீர், வெளிச்சம், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம் எல்லாம் சுரங்கமே கொடுத்தது. என் வகுப்புப் பிள்ளைகள் சப்பாத்து மினுக்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். அதே நேரம் போட்ஸ்வானாவில் ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

1975இல் செம்பு விலை விழுந்தது. ஒரு வருடம் இரண்டு வருடத்தில் எழும்பும் என்று நம்பிக் கடன் வாங்கினார்கள், விலை எழும்பவில்லை, கடன் எழும்பியது. இதில் முதல் அதிபர் கவுண்டாவின் அரசு செய்த பிழைகள் உண்டு, 1972க்குப் பிறகு ஒரே கட்சி, கேட்க ஆளில்லை. ஆனால் பிழை மட்டும்தான் காரணம் என்று சொல்லுகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ரொடீசியாவின் (இன்றைய சிம்பாப்வே) வெள்ளையர் அரசு 1973இல் எல்லையை மூடியது, ஜாம்பியா அதற்குப் பிறகு பணிந்து போகவில்லை. செம்பைக் கடலுக்குக் கொண்டுபோக இருந்த நல்ல வழியை விட்டுவிட்டு, சீன உதவியோடு தான்சானியாவுக்கு ரயில் பாதை போட்டார்கள். மண்டேலாவின் ஆட்களுக்கும், சிம்பாப்வே, நமீபியா போராளிகளுக்கும் லுசாகாவில் இடம் கொடுத்தார்கள், அதற்காகத் தங்கள் மண்ணில் குண்டுவீச்சையும் தாங்கினார்கள். பக்கத்து நாடுகளின் விடுதலைக்கு அந்தச் சனம் தங்கள் சாப்பாட்டுக் காசிலிருந்து கொடுத்தது. தலைக்கு வருமானம் என்ற பட்டியலில் இதற்கு ஒரு நிரல் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் ஜாம்பியாவின் பணமான குவாச்சா விழுந்த வேகத்தில் என் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை, நான் கிளம்பிவிட்டேன். 1986 டிசம்பரில் மக்காச்சோள மாவு விலையை ஏற்றினபோது கிட்வேயிலும் சுற்று ஊர்களிலும் கலவரம், துப்பாக்கிச் சூடு. 1990இல் திரும்பவும். அங்கே 25 கிலோ மாவு மூட்டையின் விலைதான் அரசியல், அது இன்றைக்கும் மாறவில்லை என்று பழைய மாணவர்கள் சொல்லுகிறார்கள்.

போட்ஸ்வானா நல்லாக ஆண்ட நாடு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கிராமத்தில் கோட்லா என்று ஒரு பொது இடம், மரத்தடியில் எல்லாரும் கதிரை கொண்டுவந்து இருப்பார்கள், அமைச்சர் வந்தாலும் கிழவர் ஒருவர் எழும்பி நேரே முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார். நான் செரோவேயில் பார்த்து மரியாதை வைத்த விஷயம் அது. ஆனால் பங்கு போட வேண்டியவர்கள் அப்போது பத்து லட்சத்துக்குக் கிட்ட, இப்பவும் சுமார் 24 லட்சம்தான். ஜாம்பியாவில் 2022 கணக்கெடுப்பில் 1 கோடியே 96 லட்சம். ஒரே சட்டியை எத்தனை பேருக்குப் பரிமாறுவது என்பதையும் சேர்த்துத்தான் நல்லாட்சியை அளக்க வேண்டும், தம்பி.

---

முத்துநகர்:

மாஸ்டர் சொன்ன காப்பர்பெல்ட்டில்தான் நான் இப்போது இருக்கிறேன், சுரங்கப் பாதுகாப்பு வேலை. ஊர் தூத்துக்குடி. அதனால் இங்கே வந்த முதல் நாளே எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றைக் கேட்டேன். சிங்கோலாவைத் தலைமையிடமாகக் கொண்ட கொங்கோலா செம்புச் சுரங்கக் கம்பெனியின் பெரும்பங்கை 2004இல் வாங்கியது வேதாந்தா, நம் ஊர் ஸ்டெர்லைட்டின் அதே முதலாளி. சுரங்கக் கழிவால் ஆறும் வயலும் கெட்டுவிட்டன என்று கிராமத்து மக்கள் லண்டனில் வழக்குப் போட்டார்கள், ஜாம்பியர்கள் இங்கிலாந்தில் வழக்கு நடத்தலாமா என்பதே பெரிய சண்டையாகி, 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் நடத்தலாம் என்று சொன்னது. 2021இல் கம்பெனி தப்பை ஒப்புக்கொள்ளாமலே சமரசத்தில் முடித்தது. விவசாயம் பார்க்கிற மக்கள் இவ்வளவு தூரம் போய் நின்றது எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது, 2018இல் எங்கள் தெருவில் நடந்ததைப் பார்த்தவன் நான்.

வாழ்க்கைத் தரம் என்றால் இதையும் கணக்கில் எடுங்கள். 2025 பிப்ரவரியில் சாம்பிஷியில் சீனக் கம்பெனி ஒன்றின் கழிவு அணை உடைந்து அமிலத் தண்ணீர் ஓடையில் இறங்கி காஃபுவே நதிக்குப் போனது, கிட்வே நகரத்துக்குக் குடிநீரை நிறுத்தினார்கள், மீன் செத்து மிதந்தது. கப்வே ஊரில் ஈயச் சுரங்கத்தை மூடியது 1994இல், பிள்ளைகளின் ரத்தத்தில் இன்னும் ஈயம் இருக்கிறது. வைரச் சுரங்கம் தோண்டுவதில் இந்த அளவு அமிலமும் நச்சும் கிடையாது. போட்ஸ்வானாவுக்கு மண்ணிலேயே அந்த அதிர்ஷ்டம் இருந்தது என்று நான் சொல்வேன்.

---

செம்மண்:

எண்ணும் எழுத்தும் சகோ, ஏழைக்கு மேல் என்று சொல்வதில் பெரும்பகுதி ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எந்த ஏழை என்று கேட்க வேண்டும். இங்கே வருமான ஏற்றத்தாழ்வு உலகத்திலேயே மோசமான நாடுகளின் வரிசையில் வருகிறது. கபரோனியில் ஃபகலானே பக்கம் கோல்ஃப் மைதானமும் நீச்சல் குளமும் உள்ள வீடுகள், அதே ஊரில் பழைய நலேடியில் தகரக் கூரை. வேலை தேடுபவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை, இளைஞர்களில் இன்னும் மோசம். அரசு செலவில் பட்டம் முடித்த பெண் எங்கள் கடையில் கேஷியர் வேலைக்கு விண்ணப்பித்தாள். வைரச் சுரங்கம் காசு கொடுக்கும், ஆனால் அதில் வேலை பார்க்க ஆயிரக்கணக்கில் போதும், லட்சக்கணக்கில் தேவையில்லை.

அப்புறம் பசர்வா என்று இங்கே சொல்லும் சான் மக்கள். மத்திய கலஹாரியில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிப் பிழைத்தவர்களை 1997இலும் 2002இலும் அரசு வெளியேற்றிக் குடியிருப்புகளில் வைத்தது. 2006இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் பலருக்குத் திரும்பிப் போகும் வழி சரியாகத் திறக்கவில்லை. சராசரியைப் பேசும்போது அவர்கள் அதில் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

தண்ணீர் பற்றி அக்கா கேட்டிருந்தீர்கள். 2015இல் கபரோனி அணை வறண்டே போனது, தலைநகரத்துக்கு வடக்கிலிருந்து 360 கிலோமீட்டர் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. அணை திரும்ப நிரம்பியது 2017இல். அதற்குப் பிறகும் சில பகுதிகளில் முறைவைத்துத்தான் விடுகிறார்கள். ஆனால் சரவணன் சகோ சொன்ன மாதிரி காலராவில் நூற்றுக்கணக்கில் சாவது இங்கே நடக்கவில்லை, குழாயில் வருவது பொதுவாகச் சுத்தமான தண்ணீர். இந்த ஒன்றுக்காகவே ஜாம்பியாவில் குழந்தை வளர்க்கும் தாய் இந்த ஊரைப் பார்த்துப் பொறாமைப்பட நியாயம் இருக்கிறது.

---

எண்ணும்_எழுத்தும்:

மாஸ்டர், போராளிகளுக்கு இடம் கொடுத்த கணக்கு எனக்கு இதுவரை தோன்றாத கோணம், நன்றி. பங்கு போடும் ஆட்கள் பற்றிச் சொன்னதில் மட்டும் முழுச் சம்மதம் இல்லை. மக்கள்தொகை குறைவாக இருந்தும் எண்ணெய்க் காசை ஒரு குடும்பமே விழுங்கிய ஈக்வடோரியல் கினி அதே கண்டத்தில்தான் இருக்கிறது. ஆள் குறைவு உதவும், ஆனால் 1967இல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவர ஒரு மனம் வேண்டியிருந்தது.

---

வைகைக்கரை:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இரண்டு தடவை படித்தோம். ஆயுள் கணக்கு புரிந்துவிட்டது. மாஸ்டர் ஐயா எழுதியதைப் படித்தபிறகு என் கணவருக்கு லுசாகா மேல்தான் மனம் போகிறது, எனக்குச் சின்னவனை நினைத்தால் அந்தத் தண்ணீர் விஷயம் இடிக்கிறது. சரவணன் அண்ணா, லுசாகா என்றால் கம்பெனியிடம் முன்கூட்டியே எதை எதைக் கேட்டு வாங்க வேண்டும்? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு நியாயமாக என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

---

கம்வாலா_சரவணன்:

நல்ல கேள்வி சகோதரி. கம்பெனி வீடு என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். போர்வெல் தண்ணீரைப் பரிசோதித்த சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள், பல நல்ல ஏரியாக்களிலும் போர்வெல்லும் செப்டிக் டேங்கும் ஒரே மனையில் பக்கம் பக்கமாக இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதிக்கும் செலவும் அவர்களுடையது என்று எழுதி வாங்குங்கள். சோலார் பேனலும் பேட்டரியும் போட்டுத் தரச் சொல்லுங்கள், ஜெனரேட்டர் போதும் என்பார்கள், டீசல் செலவு யார் தலையில் என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள். 2025இல் மழையும் மக்காச்சோள அறுவடையும் நன்றாக இருந்தன, கரண்ட் நிலைமை முன்பைவிடத் தேவலை, ஆனால் அணையை நம்பிய நாட்டில் அடுத்த வறட்சி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளிக்கட்டணத்தைக் கம்பெனி கொடுக்கிறதா என்று கண்டிப்பாகக் கேளுங்கள், இங்கே தனியார் பள்ளிகளில் டாலரில் வாங்குகிற இடங்கள் உண்டு, இரண்டு பிள்ளை என்றால் சம்பளத்தில் பெரிய ஓட்டை.

வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கு அரசு ஒரு குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கிறது, அது வாழப் போதாது, அதைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். 25 கிலோ மாவு மூட்டை, பஸ் காசு, வீட்டு வாடகை மூன்றையும் அவரிடமே கேட்டு அதற்கு மேல் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று வைத்துக் கொடுங்கள். நாப்ஸா என்ற ஓய்வூதிய நிதியில் அவர் பெயரைப் பதிந்து மாதாமாதம் கட்டுங்கள், சட்டப்படி கட்ட வேண்டியதுதான், நம் ஆட்கள் நிறையப் பேர் கட்டுவதில்லை, அதனால் பத்து வருடம் உழைத்தவர் வெறும் கையோடு போவதைப் பார்க்கிறோம். மழைக்காலத்தில் உங்கள் போர்வெல்லிலிருந்து அவர் தினமும் ஒரு கேன் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகட்டும், பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவது கஷ்டம், உங்கள் டிரைவர் சாயங்காலம் மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டால் போதும். எந்த ஏரியாவில் வீடு தருகிறார்கள் என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள், நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து தொட்டி, போர்வெல், பக்கத்துக் கிளினிக் எல்லாம் படம் எடுத்துப் போடுகிறேன்.